பூசணிக்காய்க்குப் போட்ட ஓட்டு

என் கொழுந்தன் என்னைக் குடிமகளாக்க வந்தான். சும்மா வரவில்லை. பெங்களூர் காலேஜில் படித்த அறிவு அத்தனையையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு வந்தான். அந்த அறிவு எங்களை போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் கொண்டுபோகப் பார்த்தது. இதை எடுத்தால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எங்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நான் பிறந்தது நாகரசம்பட்டிப் பக்கம், மாந்தோப்பு வீட்டில். எட்டாவது வரைக்கும் படிக்க வைத்தார்கள். வாழ்க்கைப்பட்டது ஜூஜுவாடியை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். மைசூர் எல்லை கூப்பிடு தூரம். எங்கள் கேழ்வரகுக் கொல்லையில் நின்று மாட்டை அதட்டினால் மைசூர் ராஜ்யத்து மாடும் திரும்பிப் பார்க்கும். என் மாமியாருக்கு மூன்று பாஷை. வீட்டுக்குத் தமிழ், சண்டைக்குத் தெலுங்கு, சந்தைக்குக் கன்னடம். பெங்களூர் சந்தையில் அவரையும் கத்திரியும் விற்று விற்று, கோட்டுப் போட்ட ஆள் யாரைக் கண்டாலும் அவர் வாயில் தானாகக் கன்னடம் வந்துவிடும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்கள் கழுத்தை அறுத்தது இதுதான்.

கொழுந்தன் வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. எங்கள் ஊரிலேயே பி.ஏ. வரைக்கும் போன முதல் ஆள். அரசியல் பாடம் எடுத்துப் படித்தான். குடிமக்களின் உரிமை, குடிமக்களின் கடமை, மேல்சபை, கீழ்சபை என்று என்ன கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். சாப்பிட்ட தட்டை மட்டும் எடுத்துக் கழுவத் தெரியாது. அந்தக் கடமை கீழ்சபையில் இருந்தது போல. கீழ்சபை நான்தான்.

இந்த இடத்தில் என் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் அன்றைக்குக் குதித்த குதி உங்களுக்குப் புரியாது. நாட்டில் முதல் பொதுத்தேர்தல் வந்தபோது பெயர் எழுதிக்கொள்ள ஓர் ஆள் வீடு வீடாக வந்தார். எனக்கு ஓட்டுப் போடும் வயசு ஆகியிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். மாமியார்தான் வாசலில் நின்று பதில் சொன்னார். "அவ என் பெரிய மகன் பொண்டாட்டி. அப்பிடியே எழுதிக்கோ. பொம்பளைக்குப் பேர் எதுக்கு?" வந்தவரும் 'மகன் பெண்டாட்டி' என்றே எழுதிக்கொண்டு போனார். மேலே யாரோ, பெயரில்லாத ஆளுக்கு ஓட்டு எதற்கு என்று அடித்துவிட்டார்கள். அந்தத் தேர்தலில் மாமியார் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். நான் வீட்டில் களி கிண்டினேன்.

இரண்டாம் தேர்தலுக்குப் பெயர் எழுத வந்தபோது நான் சாணி கரைத்துக்கொண்டிருந்தேன். சாணிக் கையோடு வாசலுக்கு ஓடி வந்து என் பெயரைச் சொன்னேன். சொன்னேன் என்பது கம்மி. கத்தினேன். எதிர்வீட்டு எருமை எழுந்து நின்றது. மாமியார் சில நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அதுவும் லாபம்தான். நிலம் மாமனார் பெயரில், மாடு என் வீட்டுக்காரர் பெயரில், நான் கொண்டுவந்த நகைகூட எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் பெயர் எழுதின ஒரே இடம் அந்த ஓட்டர் லிஸ்ட். நான் ஓட்டுப் போட ஆசைப்பட்டதற்கு வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. இந்தக் காரணம் போதாதா?

அப்படி நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், கொழுந்தன் பெட்டியோடு வந்து இறங்கினான். கூட ஒரு சிநேகிதன். அவன் கெமிஸ்ட்ரி படிக்கிறவன், சேலத்துப் பக்கம். காலேஜில் ஊர்த்தொண்டுச் சங்கம் ஒன்று ஆரம்பித்திருந்தார்களாம். எந்த மாணவன் தன் ஊருக்குப் போய்ப் படிக்காத ஜனங்களை நல்ல குடிமக்களாக மாற்றிவிட்டு வருகிறானோ, அவனுக்கு ஒரு கப். ஊரை மாற்றுவதற்குக் கொடுத்த அவகாசம் சனி, ஞாயிறு.

"அண்ணி, நாளைக்கு ஊர்ல ஒரு மாதிரித் தேர்தல் நடத்தப் போறோம்" என்றான்.

"அப்பிடின்னா?"

"நெசத் தேர்தல் எப்பிடி இருக்கும்னு ஜனங்களுக்குக் காட்டறது. ஒத்திகை மாதிரி."

நல்லதுதானே என்று நினைத்தேன். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. அத்தனை பேர் முன்னால் போய் நின்று தப்பாக ஏதாவது செய்துவிட்டால்? பழகிக்கொள்வது நல்லதுதான்.

மறுநாள் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம். ஆம்பளைகள் பாதிப் பேர் மூட்டையோடு பெங்களூர் சந்தைக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டப் போய்விட்டார்கள். வந்து உட்கார்ந்தது பெண்கள். எங்கள் தெருப் பெண்கள் ஒரு பக்கம், எங்கள் காடுகளில் கூலிக்கு வரும் காலனிப் பெண்கள் ஒரு பக்கம். கொழுந்தன் கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு பேசினான். இந்த நாட்டுக்கு எஜமானர் யார்? நீங்கள்தான். அதிகாரிகள் யார்? உங்கள் வேலைக்காரர்கள். சட்டத்தின் முன்னால் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார்?

"நாங்க எஜமானின்னா, இந்தச் சட்டைய யாரு தொவைச்சது?" என்று நான் கேட்டேன். பெண்கள் சிரித்தார்கள். அவன் கேள்வி நேரம் கடைசியில்தான் என்று சொல்லிவிட்டான். சமத்துவம் பேசி முடித்ததும் எல்லாருக்கும் மோர் கொடுத்தார்கள். காலனிப் பெண்களுக்குத் தனிச் செம்பு. அதைப் பற்றி அவன் படித்த புத்தகத்தில் பாடம் இல்லை போலிருக்கிறது.

அந்தக் காலத்தில் தேர்தலில் ஆளுக்கொரு பெட்டி. வேட்பாளரின் சின்னத்தைப் பெட்டிமேல் ஒட்டி மறைவில் வைத்திருப்பார்கள். நமக்குப் பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். அதே மாதிரி இவர்களும் இரண்டு கிரஸின் டின்னை வாய் வெட்டி, ஒன்றின்மேல் பூசணிக்காய்ப் படமும் ஒன்றின்மேல் கத்திரிக்காய்ப் படமும் ஒட்டி, கோயில் பக்கத்தில் வேட்டியால் மறைப்புக் கட்டி வைத்தார்கள். நிஜக் கட்சிகளின் சின்னம் வைத்தால் சங்கம் நடுநிலை தவறிவிடுமாம். என் மாமியார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பூசணிக்காய்க்குப் போட்டார். கத்திரிக்காய் அவருக்கு அரிப்பு.

இதெல்லாம் சரி. போடும் முன்னால் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்தார்களே, அங்கேதான் சனியன் பிடித்தது.

"சும்மா பேனா மை வைக்காதே. நெச மை எப்பிடி இருக்குமோ அப்பிடித்தான் வைக்கணும்" என்றான் கொழுந்தன். சிநேகிதன் சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடிப் புட்டியை எடுத்தான். காலேஜ் லேபில் இருந்ததாம். வெள்ளியைத் திராவகத்தில் கரைத்த தண்ணீர். சர்க்கார் மையில் இருக்கும் சரக்கும் இதேதானாம். வைக்கும்போது தண்ணீர் மாதிரிதான் இருந்தது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றதும் விரல், நகம், நகக்கண் எல்லாம் கறுத்துப் போயிற்று. கொழுந்தனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தன் விரலிலும் வைத்துக்கொண்டு ஆட்டி ஆட்டிக் காட்டினான்.

"இது எப்ப போவும் தம்பி?" என்றேன்.

"போகாது அண்ணி. அதுதான் இதோட பெருமையே!"

போகவில்லைதான். புளி போட்டுத் தேய்த்தோம், சாம்பல் போட்டுத் தேய்த்தோம், செங்கல்லில்கூடத் தேய்த்தோம். தோலில் இருந்தது மங்கிற்று, நகத்தில் ஏறியது அசையவில்லை. அவன் காலேஜுக்குப் போய், எல்லைப்புறத்துப் பாமரப் பெண்கள் தன்னால் எப்படி விழித்துக்கொண்டார்கள் என்று ஒரு கட்டுரை வாசித்தான். கப் கிடைத்தது. வெள்ளி முலாம் பூசின பெரிய கப். மாமியார் அதில் மஞ்சள்தூள் போட்டு வைத்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாவிட்டால் போகிறது, சும்மா கிடக்கும். இந்த ஏட்டுப் பூசணிக்காய் சும்மா கிடக்கவில்லை.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. ஜூஜுவாடி ஸ்கூலில் சாவடி. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனோம். நான் கல்யாணப் புடவை கட்டியிருந்தேன். காலனிப் பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கொழுந்தன் லீவு போட்டு வந்து, சட்டையில் தொண்டர் என்று பட்டை குத்திக்கொண்டு, கயிறு கட்டின இடத்துக்கு வெளியே ஜனங்களுக்கு வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

சாவடிக்குத் தலைமை அதிகாரி சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். கோட்டுப் போட்டிருந்தார். எல்லைப்புறம் என்றாலே திருட்டுத்தனம்தான் என்று அவருக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பெண்கள் வரிசையில் நான் முதலில் நின்றேன். என் பெயரை வாசித்தார்கள். உள்ளே யாரோ ஒரு குமாஸ்தா, பள்ளிக்கூடத்து அறை முழுக்கக் கேட்கும்படி என் பெயரை வாசித்தார்! விரலை நீட்டினேன்.

அதிகாரி விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றவளை விரல் நீட்டச் சொன்னார். அதற்குப் பின்னால் நின்றவளையும். எல்லா நகமும் கறுப்பு.

"எங்கம்மா போட்டீங்க? அத்திப்பள்ளியிலயா?"

மைசூர்ப் பக்கம் அப்போதே ஓட்டு முடிந்துவிட்டிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் காடுமாக இருப்பவர்களில் சிலர் இரண்டு பக்கமும் பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் நாங்கள் இல்லை.

"எங்கயும் போடலைங்க. இது வெளையாட்டு ஓட்டுங்க" என்றேன்.

"வெளையாட்டா? எலெக்‌ஷன் உங்களுக்கு வெளையாட்டா?"

அந்த நேரம் பார்த்து மாமியார் முன்னால் வந்தார். கோட்டைப் பார்த்தார். வாயில் கன்னடம் வந்துவிட்டது. "ஹாகிதுவி சாமி! கும்பளகாயிகே ஹாகிதுவி!" போட்டோம் சாமி, பூசணிக்காய்க்குப் போட்டோம் என்று தெம்பாகச் சொல்லி விரலையும் தூக்கிக் காட்டினார்.

கன்னடம் என்றதும் மைசூர் ஓட்டுதான் என்று முடிவு கட்டிவிட்ட அதிகாரி, பக்கத்தில் இருந்து அர்த்தம் சொன்ன கட்சி ஏஜெண்டைப் பார்த்து, "மைசூர்ல பூசணிக்காய்ச் சின்னம் உண்டா?" என்று கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். போலீஸ்காரரைக் கூப்பிட்டார்கள். கறுப்பு விரல்கள் எல்லாம் வரிசையை விட்டு வெளியே வந்து புளியமரத்தடியில் உட்கார வேண்டும். அத்திப்பள்ளிக்கு ஆள் போய் விசாரித்துவிட்டு வந்த பிறகு கேஸா இல்லையா என்று பார்ப்பார்களாம். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சீட்டுக் கிடையாது. ஐந்து மணிக்குச் சாவடி மூடிவிடுவார்கள்.

உட்கார்ந்தோம். எங்கள் தெரு, காலனி என்று பார்க்காமல் நிழல் இருந்த இடத்தில் எல்லாரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கறுப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். எதிரே ஆம்பளைகள் வரிசை ஒழுங்காக நகர்ந்தது. கொழுந்தனின் பாடத்தைக் கேட்காமல் சந்தைக்குப் போனவர்கள், கவலை ஓட்டப் போனவர்கள், எல்லாருக்கும் வெள்ளை விரல். உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரரும் வந்தார். "என்னா, முடிஞ்சுதா?" என்று என்னைக் கேட்டார். அவர் இருந்த இடத்தைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன். வண்டிப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! அழுகையும் வந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே கயிற்றுப் பக்கம் போனேன்.

"தம்பி, உள்ள வா. வந்து நாங்கதான் பூசினோம்னு அந்தக் கோட்டுக்காரர்கிட்ட சொல்லு."

அவனுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. கறுப்பு விரலை மடக்கி முஷ்டிக்குள் வைத்திருந்தான்.

"அண்ணி, இது ஒரு நடைமுறைச் சிக்கல்..."

"எனக்குச் சிக்கலும் வேணாம் சடையும் வேணாம். வா."

அப்புறம்தான் மெல்ல விஷயம் வெளியே வந்தது. அந்தப் புட்டியை லேபிலிருந்து கேட்காமல் எடுத்து வந்திருக்கிறார்கள். வெள்ளிச் சரக்கு, விலை ஜாஸ்தி. காணோம் என்று காலேஜில் ஏற்கெனவே விசாரணை நடந்து, யாரென்று தெரியாமல் நின்றிருக்கிறது. இவன் இங்கே சர்க்கார் அதிகாரியிடம் சொன்னால் அது எழுத்தில் ஏறும். எழுத்தில் ஏறினால் காலேஜுக்குப் போகும். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

"பரீட்சை எழுத விடமாட்டாங்க அண்ணி. மூணு வருஷம் படிச்சது போயிடும்." பேச்சில் மேல்சபையும் இல்லை கீழ்சபையும் இல்லை. எங்கள் வீட்டுக் கடைசிப் பிள்ளை மட்டும் நின்றுகொண்டிருந்தான். "அஞ்சு வருஷத்துல அடுத்த எலெக்‌ஷன் வந்துடும். அப்ப நீங்க போடலாமில்ல?"

எனக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

"போன எலெக்‌ஷன்ல எம்பேர உங்கம்மா முழுங்கினாங்க. இந்த எலெக்‌ஷன்ல நீ முழுங்கறியா? உம் பரீட்சை இப்ப போனா செப்டம்பர்ல திரும்பி வரும். எம் பரீட்சை அஞ்சு வருஷத்துக்கு ஒருக்காதான் வருது. அங்க உக்காந்திருக்காங்களே, அவங்க இன்னிக்குக் கூலிய விட்டுட்டு வந்திருக்காங்க. நீதானே எஜமானின்னு சொன்ன? எஜமானி சொல்றேன், வாடா உள்ள!"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சட்டையில் குத்தியிருந்த தொண்டர் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றைத் தாண்டி நடந்தான். நான் பின்னாலேயே போனேன்.

உள்ளே போய் விரலை நீட்டினான். காலேஜ் பெயர், புட்டி, சிநேகிதன் இல்லாமல் தான் மட்டுமே எடுத்ததாக ஒரு பொய், கிரஸின் டின், பூசணிக்காய், எல்லாம் சொன்னான். அதிகாரி எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"இவ்வளவு பாடம் நடத்தினியே, நீ ஓட்டுப் போட்டாச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

"எனக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகலைங்க" என்றான்.

அதிகாரி அப்போதுதான் சிரித்தார். ஏஜெண்டுகளைக் கேட்டார், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று. ஒருத்தருக்கும் இல்லை. அத்தனை பெண்களும் தன் பெட்டிக்குத்தான் போடுவார்கள் என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டார்கள் போல. அடுத்த விரலில் மை வைத்து எங்களை விட்டார்கள்.

மறைப்புக்குள் போனேன். பெட்டிகள் வரிசையாக இருந்தன. கொழுந்தன் இல்லை, மாமியார் இல்லை, வீட்டுக்காரர் இல்லை. கல்யாணமாகி வந்த பிறகு நான் ஒரு இடத்தில் தனியாக நின்று, யாரையும் கேட்காமல் ஒன்றை முடிவு செய்தது அதுதான் முதல் தடவை. சீட்டைப் போட்டேன். வெளியே வந்து திரும்பவும் அழுதேன்.

மாமியார் மட்டும் ஓட்டுப் போடவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "ஒருக்கா பூசணிக்காய்க்குப் போட்டாச்சு. மறுக்கா மாத்திப் போடறது மானமுள்ள குடும்பத்துக்கு ஆவாது" என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவன் எழுதிக் கொடுத்தது காலேஜுக்குப் போயிற்று. அந்தத் தடவை பரீட்சை எழுத விடவில்லை. கப்பையும் திருப்பிக் கேட்டார்கள். நான் நன்றாகத் தேய்த்துத்தான் கொடுத்தனுப்பினேன், மஞ்சள் வாசனை போயிருக்காது. மாமியார் என்னைத் தெலுங்கில் திட்டினார். உன் ஒரு ஓட்டுக்கு என் பிள்ளை படிப்பு பலியா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் தலையை நிமிர்த்தாமல், "அது அவங்க ஓட்டும்மா. நான்தான் எடுத்து வெச்சிருந்தேன்" என்றான். அவன் வாயிலிருந்து புத்தகம் இல்லாமல் வந்த முதல் வார்த்தை என்று எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் கொல்லையில் அவரை பறித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றான். அவனும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டான்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யாருக்குப் போட்டீங்க? ஒரு பரீட்சையே போச்சு எனக்கு. என்கிட்டயாவது சொல்லலாம்."

"சொல்ல மாட்டேன்."

ஒரு கை அவரையைப் பறித்துக் கூடையில் போட்டுவிட்டு, "சரியான பதில்" என்றான்.

"நீ மொதல்ல செப்டம்பர்ல பாஸ் பண்ணு. அப்பறம் எனக்கு மார்க்குப் போடு" என்றேன்.

செப்டம்பரில் பாஸ் பண்ணினான். பிறகு பெரிய வேலைக்கும் போனான். என் வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார், மாமியார் மூன்று பாஷையிலும் கேட்டுப் பார்த்தார். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. நான் போட்டவர் டெபாசிட் போய்த் தோற்றார். அவருக்காக நான் ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டதும் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் என் பெயரில் இருந்த ஒரே சொத்து அது. அதை யாருக்கு எழுதி வைக்க?